ரோபாட் ஆரஞ்சா, சிவப்பா? டர்பன்ல டிகிரி படிக்கற பசங்களுக்கும் வீட்ல இருக்கறவங்களுக்கும்

குவாசுலு-நடால் யூனில, அதான் யூகேஇசட்என்ல, டிகிரி பண்ற நம்ம பசங்களுக்காக எழுதறேன். வெஸ்ட்வில், ஹோவர்ட் காலேஜ், எட்ஜ்வுட், மாரிட்ஸ்பர்க் எந்த கேம்பஸா இருந்தாலும் அடிப்படை ரூல் ஒண்ணுதான். டியூடி (டர்பன் டெக்னாலஜி யூனி), யூனிசா (தொலைதூரக் கல்வி யூனி) பசங்களுக்கு கலர் கணக்கு பொருந்தாது, ஆனா பணம் பத்தியும் அப்பீல் பத்தியும் கீழ சொல்றது உங்களுக்கும் உதவும், அதனால தள்ளிட்டு போயி அத மட்டும் படிங்க.

ஒரு விஷயம் முன்னாடியே. வீட்ல ஒரு மாமாவோ சித்தப்பாவோ "நான் யூடிடபிள்யூல படிச்சப்போ இப்படித்தான், ஒண்ணும் ஆகாது விடு"ன்னு சொல்வாரு. டர்பன்-வெஸ்ட்வில் யூனியும் நடால் யூனியும் 2004 ஜனவரில ஒண்ணாயிடுச்சு, அவர் காலத்து ரூல் எதுவும் இப்ப இல்ல. மரியாதையா தலையாட்டிட்டு இந்த வருஷத்து ஹேண்ட்புக்க, அதாவது ரூல் புத்தகத்த, எடுத்து வச்சு படிங்க, உங்க காலேஜ் (யூனிக்குள்ள உங்க படிப்பு சேர்ற பிரிவு) ஹேண்ட்புக் ஆன்லைன்லயே பிடிஎஃப்பா கெடைக்கும்.

சரி, கலர். ஒவ்வொரு செமஸ்டர் முடிஞ்சதும் உங்க பேருக்கு நேரா பச்சை, ஆரஞ்சு, சிவப்புன்னு ஒரு ரோபாட் கலர் விழும் (இங்க ரோபாட்னா டிராஃபிக் சிக்னல்). பச்சைன்னா நல்லா போயிட்டிருக்கு. ஆரஞ்சுன்னா ஆபத்து ஆரம்பிச்சிருக்கு. சிவப்புன்னா உங்க டிகிரிக்கு வச்சிருக்கற குறைஞ்சபட்ச அளவுக்கும் கீழ போயிட்டீங்க, சீட்டே போற கட்டத்துக்கு வந்தாச்சு. பச்சைல இருக்க ரெண்டு கண்டிஷனும் சேந்து நடக்கணும்: அந்த செமஸ்டர் கிரெடிட்ல (ஒவ்வொரு பாடத்துக்கும் இவ்ளோன்னு இருக்கும், பாஸ் ஆனாதான் கெடைக்கும்) 70% பாஸ் ஆயிருக்கணும், சேந்த நாள்ல இருந்து இதுவரைக்கும் வந்திருக்க வேண்டிய மொத்த கிரெடிட்ல 75% கையில இருக்கணும். இதுல ஏதாவது ஒண்ணு தவறினாலும் ஆரஞ்சு.

நம்மாளுங்க பெரும்பாலும் தடுக்கி விழறது இங்கதான், ஏன்னா ஸ்கூல்ல மெட்ரிக் (இங்க 12ம் வகுப்பு) வரைக்கும் ஆவரேஜ் ஆவரேஜ்னே வளந்துட்டோம், இங்க ஆவரேஜ யாரும் பாக்கறதில்ல, கிரெடிட்டதான் எண்றாங்க. சாதாரண 3 வருஷ டிகிரில ஒரு செமஸ்டருக்கு 4 மாடியூல், அதாவது 4 பாடம், ஒவ்வொண்ணும் 16 கிரெடிட், ஆக 64னு வச்சுக்கோங்க. ஒரு பொண்ணு 78, 75, 48, 46 வாங்கறா. ஆவரேஜ் 61க்கு மேல, வீட்ல சந்தோஷம். ஆனா பாஸ் ஆனது ரெண்டே மாடியூல், 32 கிரெடிட், அதாவது 50%, ரோபாட் ஆரஞ்சு. அவ பக்கத்துல உக்காந்திருக்கற பையன் 52, 51, 50, 38. ஆவரேஜ் 50கூட வரல. ஆனா மூணு பாஸ், 48 கிரெடிட், சரியா 75%, முதல் செமஸ்டர்னா அவன் பச்சை. நியாயமான்னு கேட்டா எனக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது, ஆனா ரூல் அதுதான். அதனால எக்ஸாமுக்கு ரெண்டு வாரம் முன்னாடி உக்காந்து யோசிக்கும்போது 75ஐ 80 ஆக்கறதுல நேரத்த கொட்டாதீங்க, 46ஐ 50 ஆக்கறதுல கொட்டுங்க.

இன்னொரு கணக்கும் போட்டு பாருங்க, இது பச்சைல இருக்கறவங்களுக்கு. செமஸ்டருக்கு ஒரு மாடியூல் கோட்டை விட்டுட்டே போறீங்கன்னு வைங்க. ஒவ்வொரு தடவையும் 48 கிரெடிட், 75%, ரோபாட் பச்சையாவே இருக்கும், யாரும் கூப்பிட்டு எதுவும் சொல்லமாட்டாங்க. ஆனா 384 கிரெடிட் டிகிரிய 48 48ஆ சேத்தா 8 செமஸ்டர், முழுசா 4 வருஷம். நெஜத்துல அதுக்கும் மேல இழுக்கும், ஏன்னா முதல் செமஸ்டர்ல போன மாடியூல் பல சமயம் அடுத்த பிப்ரவரிலதான் திரும்ப வரும், அது இல்லாம ரெண்டாம் வருஷ மாடியூல எடுக்கவே விடமாட்டாங்க. இன்ஜினியரிங், மெடிசின் மாதிரி படிப்புல கிரெடிட் கணக்கே வேற, அவங்க ஹேண்ட்புக் பாத்து இதே மாதிரி போட்டுக்கணும்.

எக்ஸாமுக்கு முன்னாடியே பண்ண வேண்டியது சிலது இருக்கு. டிபி, அதாவது எக்ஸாம் எழுத தகுதி, கெடைச்சுதான்னு லிஸ்ட் போட்ட அன்னிக்கே பாருங்க, டெஸ்ட், அசைன்மென்ட், ட்யூட் (ட்யூட்டோரியல் வகுப்பு) வருகை எல்லாம் சேத்து அந்த மாடியூல் கேக்கற அளவு இல்லன்னா எக்ஸாம் ஹாலுக்குள்ளயே விடமாட்டாங்க, ஒரு ட்யூட் மார்க் ஏறாம விட்டுப்போச்சுன்னா அதுக்கு அப்பீல் பண்ண டைம் ரொம்ப கம்மி. ஒரு மாடியூல் கண்டிப்பா தேறாதுன்னு தெரிஞ்சா, விலகறதுக்கு ஒரு கடைசி தேதி இருக்கும், அதுக்குள்ள விலகினா ஃபெயில்னு ஏறாது, தேதி தாண்டி விட்டா ஃபெயில்தான். ஆனா விலகினாலும் மொத்தக் கணக்குல அந்த 16 குறைச்சலாத்தான் நிக்கும், சும்மா போயிடாது.

சப் எக்ஸாம, அதாவது ஃபெயில் ஆனவங்களுக்கு வைக்கற மறு எக்ஸாம, நம்பி மெயின் எக்ஸாம விட்டுடாதீங்க. பொதுவா 40ல இருந்து 49க்குள்ள வந்தவங்களுக்குத்தான் சப், அதுல எவ்ளோ நல்லா எழுதினாலும் 50க்கு மேல போட மாட்டாங்க. உடம்பு சரியில்லன்னா சப் இல்ல, ஸ்பெஷல் எக்ஸாம் கேக்கணும், டாக்டர் சர்டிபிகேட்டோட, எக்ஸாம் தேதில இருந்து சில நாளுக்குள்ள. காய்ச்சலோட போயி எப்படியோ எழுதிட்டு ரிசல்ட் வந்ததும் "எனக்கு அன்னிக்கு முடியல"ன்னா எடுபடாது. எழுத முடியலன்னா எழுதாம நேரா டாக்டர்கிட்ட போங்க. ரெண்டாவது செமஸ்டர் நம்ம வீடுங்களுக்கு எப்பவும் ஒரு தலைவலி, புரட்டாசி விரதத்துல டெஸ்ட் வரும், தீபாவளி இங்க பொது லீவு கெடையாது, சரியா எக்ஸாம் சீசன்ல வந்து நிக்கும். அந்த ஒரு நாள் கொண்டாடிட்டு போங்க, அதுக்கு முன்னாடி மூணு நாள் பலகாரம் சுட பொண்ண கிச்சன்ல நிறுத்தாதீங்கம்மா, பையன மட்டும் ரூம்ல படிக்க விட்டுட்டு.

இப்ப ஆரஞ்சு வந்துடுச்சு, என்ன பண்றது? பதறாம முதல் வாரமே அகாடமிக் டெவலப்மென்ட் ஆபீசர, அதாவது படிப்புல தடுமாறறவங்களுக்கு உதவற யூனி ஆள, போயி பாருங்க. ஆரஞ்சு வந்தவங்களுக்கு இவர பாக்கறது இஷ்டப்பட்டா பண்ற விஷயம் இல்ல, பாத்ததுக்கு ரெக்கார்ட் இருக்கும், நாளைக்கு சிவப்பு வந்து அப்பீல் எழுதும்போது "நான் உதவி கேட்டேன்"ங்கறதுக்கு அந்த ரெக்கார்ட்தான் சாட்சி. ஹாட் சீட் (போயி டவுட் கேக்கற இடம்), ட்யூட்டர், எழுத்து உதவி எல்லாம் அவங்க மூலமாவே கெடைக்கும், காசு கெடையாது. கவுன்சிலிங்கும் ஃப்ரீ. நம்ம சைடுல கவுன்சிலிங்னா பைத்தியம்னு நெனைக்கற ஆளுங்க இன்னும் இருக்காங்க, அவங்களுக்கு சொல்லாமலே போங்க, யூனி யாருக்கும் சொல்லாது.

ஆரஞ்சு வந்ததும் நெறய பேர் பண்ற வேலை, விட்டத பிடிக்கறேன்னு அடுத்த செமஸ்டர்ல அஞ்சு ஆறு மாடியூல் போட பாக்கறது. விடவும் மாட்டாங்க பெரும்பாலும், விட்டாலும் போடாதீங்க. 10 மணி நேர உழைப்புக்கு ஒரு கிரெடிட்ங்கறதுதான் இந்த நாட்டு கணக்கு, 16 கிரெடிட்னா 160 மணி நேரம். நாலு மாடியூலுக்கே 640 மணி நேரம் ஆச்சு. சாட்ஸ்வொர்த்ல இருந்தோ ஃபீனிக்ஸ்ல இருந்தோ ரெண்டு ஷேர் டாக்ஸி மாறி போயிட்டு வந்து, சனி ஞாயிறு பெவிலியன் மால்லயோ கேட்வே மால்லயோ கடைல நின்னுட்டு, இதுக்கு மேல எங்க இருந்து நேரம் எடுப்பீங்க?

சிவப்புக்கு வருவோம். முதல்ல ப்ரொபேஷன்ல, அதாவது நிபந்தனையோட, வச்சு, அடுத்த செமஸ்டர்ல இதெல்லாம் பாஸ் ஆகணும்னு கண்டிஷன் எழுத்துல குடுப்பாங்க. அந்த லெட்டர தொலைச்சுடாதீங்க. கண்டிஷன நிறைவேத்தலன்னா எக்ஸ்க்ளூஷன், அதாவது வெளிய அனுப்பிடுவாங்க, அதுக்கு மேல அப்பீல். அப்பீல் தேதிங்க ரொம்ப கறாரா இருக்கும், வருஷக் கடைசி ரிசல்ட்டுக்கு அப்புறம் வீட்ல எல்லாரும் லீவுல இருக்கற நேரம், அப்புறம் ஜனவரி பிப்ரவரில தைப்பூசக் காவடிக்கு கொடியேத்தி பத்து நாள் விரதம்னு வீடே கோயில்ல இருக்கும், அதுக்கு நடுவுல தேதி ஓடிடும். ஸ்டூடண்ட் ஈமெயில தெனம் திறந்து பாருங்க, லெட்டர் அங்கதான் வரும், வாட்ஸப்ல வராது.

அப்பீல் லெட்டர் எப்படி எழுதறதுங்கறதுதான் எல்லாரும் கேக்கறது. கமிட்டி நூத்துக்கணக்குல படிக்கும், உங்க அழுகைய இல்ல, மூணு கேள்விக்கு பதில் தேடும். என்ன நடந்துச்சு, அத எது நிரூபிக்குது, இனிமே என்ன மாறும். "எனக்கு குடும்ப பிரச்சனை, தயவுசெஞ்சு இன்னொரு வாய்ப்பு குடுங்க, என் அப்பா அம்மா ரொம்ப கஷ்டப்படறாங்க"ன்னு எழுதினா ஒரு கேள்விக்கும் பதில் இல்ல. அதையே "மே மாசம் எங்கம்மாவுக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரி லெட்டர் இணைச்சிருக்கேன், அந்த ஆறு வாரம் தம்பிங்கள நான்தான் பாத்துக்கிட்டேன், அதுல ரெண்டு டெஸ்ட் போச்சு, அந்த ரெண்டு மாடியூல்தான் ஃபெயில்"னு எழுதுங்க. தேதியும் மார்க்கும் ஒத்துப்போகணும், அதுதான் முக்கியம். ஜூன்ல நடந்த துக்கத்த காட்டி மார்ச்ல ஃபெயில் ஆன டெஸ்டுக்கு காரணம் சொன்னா கண்டுபிடிச்சுடுவாங்க.

நிரூபிக்கன்னா டாக்டர் லெட்டர், இறப்பு சர்டிபிகேட், கவுன்சிலர் ரிப்போர்ட், அப்பாவுக்கு வேலை போச்சுன்னா அந்த நோட்டீஸ். பேப்பரே இல்லாத விஷயம்னா போலீஸ் ஸ்டேஷன்ல போயி அஃபிடவிட் எழுதி சத்தியம் பண்ணி முத்திரை வாங்கிடுங்க, அதுக்கு காசு கேக்க மாட்டாங்க. 2022 ஏப்ரல் வெள்ளத்துல வீடு போன மாதிரி ஊரறிஞ்ச விஷயமா இருந்தாலும் உங்க வீட்டுக்கு என்ன ஆச்சுன்னு தனியா காட்டணும், ஊருக்கே நடந்துச்சுன்னா கூட. கோயில் கமிட்டி சேர்மன்கிட்ட "நல்ல குடும்பத்து பையன்"னு லெட்டர் வாங்கிட்டு வர்றவங்க இருக்காங்க, பாவம், அதுக்கு அங்க மதிப்பு கெடையாது.

மூணாவது, என்ன மாறும். இதுக்குத்தான் எல்லாரும் ரெண்டு வரி எழுதறாங்க, இதுக்குத்தான் அரை பக்கம் எழுதணும். கடை வேலைய விட்டேன், இல்ல ஒரு நாளா குறைச்சேன், மேனேஜர் லெட்டர் இதோ. தெனம் ரெண்டு டாக்ஸி மாறினேன், இப்ப ரெஸ்ல (யூனி ஹாஸ்டல்ல) இடம் கேட்டிருக்கேன், இல்ல வெஸ்ட்வில்ல இருக்கற பெரியம்மா வீட்ல தங்கப்போறேன். இன்ன மாடியூல் மட்டும் எடுப்பேன், இன்ன ட்யூட்டர்கிட்ட இன்ன நேரம். "இனிமே நல்லா படிப்பேன்"ங்கறது மட்டும் வேண்டாம்.

பெத்தவங்களுக்கு: கோவம் வந்து நேரா யூனிக்கு ஃபோன் போட்டு என் புள்ள மார்க் என்னன்னு கேக்காதீங்க. போபியான்னு தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு சட்டம் இருக்கு, 18 தாண்டின புள்ளையோட மார்க்க அவங்க சம்மதம் இல்லாம உங்களுக்கு சொல்ல மாட்டாங்க, ஃபீஸ் கட்டறது நீங்களா இருந்தாலும். அப்பீல் லெட்டரும் புள்ளதான் எழுதணும், பக்கத்துல உக்காந்து தேதிங்கள ஞாபகப்படுத்துங்க, அது போதும்.

பணம் தனிக் கணக்கு. யூனி அப்பீல்ல ஜெயிச்சாச்சுன்னா என்எஸ்ஃபாஸ் (அரசாங்க மாணவர் நிதி உதவி) தானா வரும்னு நெனைக்காதீங்க, அவங்களுக்கு அவங்க ரூல், அவங்க அப்பீல். 2018ல இருந்து முதல் தடவை சேந்தவங்களுக்கு பொதுவா டிகிரி வருஷத்தோட ஒரு வருஷம்தான் கூட, 3 வருஷ டிகிரின்னா 4, அதுக்கு மேல ஒரு ரேண்ட் வராது. மேல 8 செமஸ்டர் கணக்கு சொன்னேனே, பச்சையாவே போயி சரியா அந்த 4 வருஷத்த முட்டிட்டு நிக்கறது அதுதான். நடுவுல கோர்ஸ் மாத்தினாலும் முதல் நாள்ல இருந்துதான் எண்ணுவாங்க. வருஷா வருஷம் பாஸ் ஆக வேண்டிய மாடியூல் அளவும் உண்டு, பாதிக்கு கீழ போயிட்டா நிச்சயமா பிரச்சனை. வேற பர்சரி (உதவித்தொகை) வாங்கறவங்க, எட்ஜ்வுட்ல டீச்சர் படிப்புக்கு குடுக்கற ஃபுன்சா லுஷாகா மாதிரி, காண்ட்ராக்ட்ட எடுத்து ஃபெயில் ஆனா திருப்பி கட்டணுமான்னு படிச்சு பாருங்க.

இந்தியாவுல இருந்து வேலைக்கு வந்த குடும்பத்து பசங்க ஸ்டடி விசால இருந்தா இன்னும் ஜாக்கிரதை. விசா ஒரு குறிப்பிட்ட யூனிக்குன்னு எழுதி தர்றது, சீட் போனா விசாவோட ஆதாரமே போச்சு. மாடியூல குறைக்கறதா இருந்தாலும் முதல்ல இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறம் கை வைங்க.

அப்பீலும் போயிடுச்சுன்னா யூனிசால சில மாடியூல் பாஸ் பண்ணிட்டு திரும்ப அப்ளை பண்றவங்க உண்டு. ஆனா எந்த மாடியூல ஏத்துக்குவோம்னு யூனில உங்க ஸ்கூல்ல, அதாவது துறைல, எழுத்துல வாங்காம யூனிசால காசு கட்டாதீங்க, ஒரு வருஷம் படிச்சுட்டு வந்து "இது சேராது"ன்னு கேக்கறது மாதிரி எரிச்சல் வேற இல்ல. வேற யூனிக்கு போனாலும் பழைய அகாடமிக் ரெக்கார்ட் கேப்பாங்க, மறைக்க பாக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. அப்பீல் அனுப்பினதும் அனுப்பின மெயில், இணைச்ச பேப்பர், கெடைச்சுதுன்னு வந்த பதில் மூணையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க. ரிஜிஸ்ட்ரேஷன் மூடற தேதி நெருங்கியும் முடிவு வரலன்னா, மூடறதுக்கு முன்னாடியே "என் அப்பீல் நிலுவைல இருக்கு, லேட் ரிஜிஸ்ட்ரேஷன் அனுமதி வேணும்"னு காலேஜ் ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டுடுங்க, மூடினதுக்கு அப்புறம் போட்டா அந்த மெயில யாரும் திறக்கறதே பெரிசு.