வீல்சேர் வாங்கும் முன் கதவை அளந்தீர்களா?

என் மாமனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே புத்தம்புது வீல்சேர் பாத்ரூம் வாசலில் முட்டி நின்றது. வண்டியின் அகலம் 64 செ.மீ. கதவைத் திறந்தால் கிடைத்த வழி 61. அந்த 3 செ.மீ.க்காக இரண்டு வாரம் நானும் மைத்துனரும் ஆளுக்கொரு பக்கம் தோள்கொடுத்து அவரை உள்ளே கொண்டுபோனோம். ஒவ்வொரு தடவையும் அவர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

வண்டியில் ஒரு குறையும் கிடையாது. அதை எந்த வீட்டில் புழங்கப் போகிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்தபிறகு, ஆம்புலன்சைக் காக்கவைத்துவிட்டு வாங்க ஓடினால் இப்படித்தான் ஆகும். இரண்டு மூன்று நாள் முன்னாலேயே பிசியோதெரபிஸ்ட்டைப் பிடித்துக் கேளுங்கள்: தானாக எழுந்து நிற்பாரா, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற எத்தனை பேர் வேண்டும், இந்த நிலை எத்தனை வாரம்? வெறுமனே "வீல்சேர் வேண்டுமா?" என்று கேட்டால் "இருந்தால் நல்லதுதான்" என்ற பதில்தான் வரும்.

கதவை நிலையிலிருந்து நிலைக்கு அளந்தால் ஏமாந்துபோவீர்கள். கதவைத் திறந்து வைத்து, அதன் பலகையிலிருந்து எதிர் நிலை வரை டேப் பிடிக்க வேண்டும். சுவர் தடுத்து 90 பாகைக்கு மேல் திறக்காத கதவு என்றால், தன் தடிமன் அளவுக்கு வழியைத் தின்றுவிடும். அடுத்தது சீட்டின் அகலம். உட்கார்ந்த நிலையில் இடுப்பின் மிக அகலமான இடத்தை அளந்து, அதோடு 2 முதல் 5 செ.மீ. வரை கூட்டிக்கொண்டால் போதும். "தாராளமாக இருக்கட்டும்" என்று பெரியதாக எடுத்தால் ஆள் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருப்பார், வண்டியும் கதவில் சிக்கும். எழுந்து நிற்க முடியாதவருக்கு, கை வைத்துக்கொள்ளும் பக்கக் கைப்பிடி கழற்றக்கூடிய வண்டியாகப் பாருங்கள். பக்கவாட்டில் நகர்த்திக் கட்டிலுக்கு மாற்ற அதுதான் வசதி.

வாக்கரில் நடக்கும் தவறு இதைவிடச் சின்னது, ஆனால் எல்லா வீட்டிலும் நடப்பது. கடையில் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் போடும் செருப்போடு நேராக நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டு ரேகையும் வாக்கரின் பிடியும் ஒரே மட்டத்தில் இருந்தால் சரி. பிடித்து நிற்கும்போது முழங்கை இலேசாக மடங்கும். தோள் காதை நோக்கி ஏறினால் உயரம் கூடுதல், முதுகு கூனினால் குறைச்சல். உடல் எடையை அதன்மேல் சாய்த்து நடப்பவருக்கு நாலு சக்கர வாக்கர் வேண்டவே வேண்டாம்; ஆளை விட்டுவிட்டு அது ஓடிவிடும். கைத்தடி என்றால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள், பிசியோதெரபிஸ்ட்டே சொல்லட்டும்.

பாத்ரூமில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ விடாதீர்கள். உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கைப்பிடியும் ஆபத்து, ஈரத்தில் எப்போது கழன்று வரும் என்று சொல்ல முடியாது. சுவரில் துளையிட்டு முடுக்கியது மட்டுமே ஆளைத் தாங்கும்.

கட்டில் விஷயத்தில் ஆசைதான் அதிகம். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே கட்டில் வேண்டும் என்று தோன்றும். எழுந்து நடக்கத் தொடங்கியவருக்கு அது தேவைப்படாமலே போகலாம். விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகிறதா என்பதைப் பாருங்கள். உயரத்தைக் குறைக்க முடியாத கட்டிலில் கால் தொங்கிக்கொண்டிருக்கும். குழப்பத்தில் இருக்கும் முதியவருக்குப் பக்கக் கம்பியும் முழுப் பாதுகாப்பு ஆகாது. அதன்மேல் ஏறித் தாண்டப் பார்த்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதில் சிக்கிக்கொள்ளவும் கூடும்.

காற்று மெத்தை வாங்கியதும் "இனிப் படுக்கைப்புண் வராது" என்று நிம்மதியாகிவிடுகிறோம். மெத்தை இருந்தாலும் ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பதை நிறுத்தக் கூடாது. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நர்ஸிடம் கேட்டு எழுதி வையுங்கள். மோட்டாரில் எடைக்கு ஏற்ப அழுத்தம் வைக்கும் திருகு இருக்கும், அதைத் தொடாமலே பல வீடுகளில் ஓட்டுகிறார்கள். மேலே போர்வை, ரப்பர் ஷீட், மடித்த துணி என்று அடுக்கினால் காற்று ஏறி இறங்குவது உடம்புக்குத் தெரியாது. நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணையை வாங்கவே வேண்டாம். ஓட்டையைச் சுற்றியுள்ள தோலை அழுத்தி, அங்கே ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷினான ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் தவறினால் விலை பெரிது. மருத்துவர் எழுதியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், தூங்கும்போதும் வேண்டுமா என்பது தெரியாமல் கடைக்குள் காலை வைக்காதீர்கள். தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன மெஷின்கள் பெரும்பாலும் மூச்சை இழுக்கும்போது மட்டும் வாயுவை விடுபவை. அதில் தெரியும் 5 என்ற எண் 5 லிட்டரைக் குறிப்பதல்ல. மின்சாரம் போனால் வீட்டில் வைக்கும் பெரிய மெஷின் நின்றுவிடும், ஆகவே சிலிண்டர் ஒன்று பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூச்சு வாங்குகிறதே என்று நாமாக அளவைக் கூட்டுவது சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்கு உதவுவதற்குப் பதிலாக, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டிவிடலாம். அடுப்பு, ஏற்றி வைக்கும் விளக்கு, சிகரெட் எதுவும் அந்த அறையில் வேண்டாம். காய்ந்த மூக்கில் பெட்ரோலியம் ஜெல்லி தடவுவதும் கூடாது, அது தீப்பற்றக்கூடியது.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கருமையான தோலில் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2021-இல் எச்சரித்தது. நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் சேர்ந்தால் இன்னும் மோசம். டிஸ்சார்ஜுக்கு முன் உங்கள் கருவியை ஆஸ்பத்திரிக் கருவியோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளலாம். பிரஷர் மெஷினில் மணிக்கட்டில் கட்டுவதைவிடப் புஜத்தில் கட்டுவது நல்லது. பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

சில வாரங்களுக்குத்தான் தேவை என்றால் கட்டில், வீல்சேர், கான்சன்ட்ரேட்டர் எல்லாம் வாடகைக்குப் போதும். கான்சன்ட்ரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதிலேயே மீட்டர் இருக்கும், பாருங்கள். மூக்கிலும் வாயிலும் படுகிற டியூப், மாஸ்க் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். அப்புறம், கடைக்காரர் செய்துகாட்டும்போது இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கப் போகிறவர் பக்கத்தில் நிற்கட்டும். பார்த்தால் மட்டும் போதாது, அவர் கையாலேயே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கள் பாத்ரூம் சிக்கலைத் தீர்த்தது மாமனார்தான். மூன்றாவது வாரம் கட்டிலில் படுத்தபடியே, "அந்தக் கதவைக் கழற்றிப் போடேன்டா" என்றார். கழற்றினோம். பலகையின் தடிமன் 4 செ.மீ. மிச்சமாகி, வண்டி உரசாமல் உள்ளே போனது. கதவுக்குப் பதிலாக ஒரு திரையைத் தொங்கவிட்டோம். "முழுசா இழுத்து மூடிட்டுப் போங்கடா" என்று உள்ளேயிருந்து தினமும் ஒரு அதட்டல் வரும்.