ஆச்சியின் அடுப்படிக்குப் போகும் வழி

முதல் முறை சுற்றுலாக் குழுவோடு காரைக்குடிக்குப் போனபோது பஸ்ஸில் நாங்கள் நாற்பது பேர். நான்கு நாட்களும் விடுதியில் வரிசையில் நின்று சாப்பிட்டோம்; ஓர் அடுப்பைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. அடுத்த முறை, உணவைப் பற்றி எழுதும் பெண்மணி ஒருவர் அழைத்துச் சென்ற எட்டுப் பேர் குழுவில் சேர்ந்தேன். என் பாட்டியின் வெள்ளைப் பணியாரம் என் கையில் ஏன் ஒருநாளும் சரியாக வந்ததில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

பாட்டியின் குறிப்பேட்டில் “உளுந்து கோபுரமாக” என்று மட்டும் இருந்தது. நான் அதைக் கிராமாக மாற்றப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தேன். காரைக்குடி ஆச்சி உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்தார். அந்த அரிசியின் மேலேயே உளுந்தை அள்ளி அள்ளிக் குவித்தார். “இனி ஒரு பருப்பு போட்டாலும் சரிந்துவிடும். அதுதான் அளவு” என்றார். எங்களோடு வந்த எழுத்தாளர் உடனே, மாவை எவ்வளவு நேரம் ஆட்ட வேண்டும், உளுந்து பழையதானால் என்ன செய்வீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். எனக்கு அந்தக் கேள்விகள் தோன்றியிருக்காது. அவரோடு போவதன் பயன் அங்கேதான் இருக்கிறது. ஆகவே புறப்படும்போது உங்கள் வீட்டுக் குறிப்பேட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

இப்படி உணவு எழுத்தாளர் அழைத்துச் செல்லும் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். எழுத்தாளர் கடைசி நாள்வரை கூடவே வருவாரா, முதல் நாள் முகம் காட்டிவிட்டுப் போய்விடுவாரா? எத்தனை வேளை வீடுகளில் சமையல்? சமைத்துக் காட்டும் பெண்களுக்கு முறையாகக் கூலி தரப்படுகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்தப் பயணம் வேண்டாம். ஒரு வீட்டு அடுப்படியில் எட்டுப் பேருக்கு மேல் நின்றால் பின்னால் இருப்பவருக்கு முதுகுதான் தெரியும். ஏழு நாளில் பத்து ஊர் என்று சொல்பவர்களிடமும் நான் போக மாட்டேன். குழுவில் சைவர், ஹலால் மட்டும் உண்பவர், கடலை ஒவ்வாதவர் இருந்தால் முன்பே எழுதிக் கொடுங்கள். அங்கே கடலை எண்ணெய் புழங்கும் வீடுகள் பல.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். அங்கே மூன்று இரவு, பிறகு மதுரையில் இரண்டு இரவு போதும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு விசா வேண்டும். இந்திய அரசின் தளத்திலேயே இ-விசாவுக்கு விண்ணப்பியுங்கள். புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் கிடையாது. பொங்கல், தீபாவளியை ஒட்டிச் சிறிய மெஸ்கள் பூட்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரிப் பிற்பகுதியும் பிப்ரவரியும் நல்ல காலம். பள்ளி விடுமுறையைப் பார்த்துத்தான் போக முடியும் என்றால் டிசம்பர்க் கடைசி வாரம்.

புறப்படுவதற்கு முன் ஒரு ஞாயிறு காலை குழுவாகத் தேக்கா சந்தையைச் சுற்றி வாருங்கள். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ ஆகிய மசாலாப் பொருள்கள் மூன்றையும் முகர்ந்து பெயர் சொல்லப் பழகிவிட்டால் காரைக்குடியில் கேள்வி கேட்க எளிதாக இருக்கும்.

செட்டிநாட்டு இலையில் நம் கடல்வழிகள் தெரிகின்றன. திருமண விருந்தில் இனிப்பாக வரும் கறுப்புக் கவுனி அரிசி, செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பர்மாவோடு செய்த வணிகத்தால் வந்தது. அவர்கள்தாம் சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி எனும் கிடங்கு வீடுகளில் தங்கித் தொழில் செய்து, 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டினார்கள். கவுனியை இரவே ஊறவைத்து நெடுநேரம் வேகவைக்க வேண்டும். மாலையில் போய்க் கேட்டால் கிடைக்காது. கூடுதலாக ஒரு நாள் இருந்தால் கீழக்கரைக்குப் போய்த் தொதல் என்ற இனிப்பை வாங்குங்கள். நாம் கேலாங் சிராயில் வாங்கும் ‘டோடோல்’தான் அது, பெயர்கூட மாறவில்லை. என் நாக்குக்குக் கீழக்கரைத் தொதலில் தேங்காய்ப்பால் மணம் கூடுதல்.

மதுரையில் பருத்திப்பாலும் கறிதோசையும் சாப்பிடுங்கள். ஜிகர்தண்டா எங்கும் கிடைக்கும்.

முதல் நாள் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெஸ்ஸில் பன்னிரண்டரை மணிக்கே உட்கார்ந்தால் குழம்பு கொதிக்கக் கொதிக்க வரும். காய்ச்சிய நீர் அல்லது மூடி உடைக்காத புட்டிநீர் மட்டும் குடியுங்கள். வாய்வழி உப்புக் கரைசல் பொட்டலங்களையும் சில்லறை ரூபாய் நோட்டுகளையும் கைப்பையில் வைத்திருங்கள்.

திரும்பும்போது எல்லோரும் மசாலாப்பொடி வாங்குவார்கள். மார்ஃபின் தடயம் இருக்கக்கூடும் என்பதால் கசகசா சிங்கப்பூரில் தடுக்கப்பட்ட பொருள். செட்டிநாட்டுப் பொடிகள் சிலவற்றில் அது சேர்கிறது. உப்புக்கண்டம் போன்ற இறைச்சி வகைகளையும் வாங்காதீர்கள். மற்றவற்றுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆச்சியிடம் பொடி கேட்பதானால் அவர் வறுக்கத் தொடங்கும் முன்பே “கசகசா வேண்டாம் ஆச்சி, எங்கள் ஊருக்குள் விடமாட்டார்கள்” என்று சொல்லிவிடுங்கள். எனக்குத் தனியாக ஒரு பிடி அரைத்துத் தந்தார். குழம்பு கெட்டியாக முந்திரியை வீட்டில் அரைத்து ஊற்றிக்கொள்ளச் சொன்னார்.