ஓட்டோரைனோலேரிங்காலஜி: அசை பிரித்துச் சொல்லும் முறை

காது மூக்கு தொண்டை மருத்துவத் துறையின் முழுப்பெயரை இ.என்.டி. என்று சுருக்கியே பெரும்பாலோர் சொல்கிறோம். ஆனால், மருத்துவ, செவிலிய மாணவர்கள் வகுப்பிலும் வாய்மொழித் தேர்விலும் அதை முழுதாகச் சொல்ல வேண்டிவரும்.

முதலில் பொருள் நோக்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். கிரேக்க வேர்களிலிருந்து வந்த இச்சொல்லில் ‘ஓட்டோ’ காதையும், ‘ரைனோ’ மூக்கையும், ‘லேரிங்’ குரல்வளையையும், ‘ஆலஜி’ இயலையும் குறிக்கின்றன. எழுத்துக்கூட்டலில் ‘ஆர்’ எழுத்தை அடுத்து வரும் ‘எச்’ ஒலிக்காது.

அடுத்து, ஒலி நோக்கி ஓ-டோ-ரை-னோ-லே-ரிங்-கா-ல-ஜி என ஒன்பது அசைகளாகப் பிரிக்க வேண்டும். (இவை யாப்பின் நேரசை, நிரையசை அல்ல, ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்பதே இங்குள்ள கணக்கு.) இரண்டாம் அசையின் டகரத்தை ‘ஓடு’ என்பதில் போல மெலிக்காமல் வல்லொலியாகவே சொல்ல வேண்டும், அதற்காகவே சேர்த்து எழுதும்போது ‘ட்டோ’ என்கிறோம். ‘லே’ என்பதை நீட்டாமல், ‘பேங்க்’ என்னும்போது வாய் திறக்கும் அளவுக்குத் திறந்தால் போதும். ‘லாரி’ என்று தொடங்கினால் சொல் சரக்கு வண்டியாகிவிடும்.

பலரும் தடுமாறுவது ‘ரிங்-கா’ என்னும் இடத்தில்தான். பொருள்படி ‘லேரிங்’ அங்கே முடிந்தாலும், அதன் இறுதி ஒலி அடுத்த உயிரோடு சேர்ந்து ‘கா’ ஆகிறது. அங்குள்ள ‘g’ என்னும் ஆங்கில எழுத்தைப் பார்த்து அதை ‘ஜா’ என்று படிப்பவர்கள் உண்டு. கடைசி அசையில் மட்டுமே அந்த எழுத்துக்கு ஜகர ஒலி. ‘தங்கம்’ என்னும்போது இயல்பாக எழும் ககரமே இங்கு வேண்டியது என்பதால், தமிழருக்கு இது கடினமே அல்ல.

எல்லா அசைகளையும் ஒரே அழுத்தத்தில் சொல்லும் நம் பழக்கம்தான் உண்மையான தடை. கார்டியாலஜி, நெஃப்ராலஜி போலவே இதிலும் பின்னாலிருந்து மூன்றாவது அசையில், அதாவது ‘கா’வில், முதன்மை அழுத்தம் விழ வேண்டும், ‘ல’ ஏறத்தாழ விழுங்கப்படும். ஆகவே பயிற்சியையும் பின்னாலிருந்தே தொடங்குங்கள்: காலஜி, ரிங்காலஜி, லேரிங்காலஜி, ரைனோலேரிங்காலஜி, பிறகு முழுச்சொல்.

மருத்துவரைக் குறிக்க ‘ஜி’யை ‘ஜிஸ்ட்’ ஆக்கினால் போதும்; அழுத்தம் இடம் மாறாது. அமெரிக்காவில் ‘ரைனோ’வை விட்டுவிட்டு ‘ஓட்டோலேரிங்காலஜி’ என்பதே பெருவழக்கு. அதற்கும் இதே முறைதான்.