ஒரு பேஸ் மட்டும் இளைத்த கதை

மன்னார்குடிப் பக்கம் எங்க போர்செட்டில் 7.5 எச்பி சப்மெர்சிபிள். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வரும்வரை குறுவை நாற்றுக்கு அதுதான் கதி. அரை மணி நேரம் ஓடும், கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே தட்டிவிடும். பார்த்தவர்கள் எல்லாம் 'மோட்டார் காயில் (உள்ளே சுற்றிய கம்பி) போச்சு, மோட்டாரைத் தூக்கு' என்றார்கள். தூக்குகூலி யார் தருவது?

எலக்ட்ரீஷியன் அண்ணன் டாங் டெஸ்டரை (ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் மீட்டர்) ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸ் லைனிலும் போட்டார்: 14.5, 12, 9.5 ஆம்பியர். வோல்டேஜ் 408, 394, 398. சராசரி 400, அதிகபட்ச விலகல் 8, அதாவது வெறும் 2 சதவீதம். கரண்டிலோ 21 சதவீதம்! மோட்டாரில் இப்படித்தான், வோல்டேஜ் கொஞ்சம் கோணினால் கரண்ட் ஆறிலிருந்து பத்து மடங்கு கோணும்.

மெயினை அணைத்து, மோட்டார் ஒயர் மூன்றையும் ஒவ்வொரு இடம் தள்ளி மாட்டினார். (மூன்றையும் நகர்த்தணும்; இரண்டை மட்டும் மாற்றினால் தலைகீழாகச் சுற்றும்.) குறைந்த கரண்ட் அதே பி பேஸிலேயே நின்றது. ஒயரோடு நகர்ந்திருந்தால் மோட்டார்தான் குற்றவாளி; நகராததால் கோளாறு கரண்ட் வரும் பக்கம்.

மீட்டர் பக்கம் மூன்று வோல்டேஜும் ஏறக்குறைய சமம். ப்யூஸ் கட்டையைக் கழற்றினால், பி-யின் பித்தளைக் கவ்வி கருகித் தளர்ந்து கிடந்தது. புதுக் கட்டை, ஒயர் நுனிக்குப் புது லக் (மாட்டும் உலோக முனை). இப்போது 12.1, 11.8, 12 ஆம்பியர். அன்றைக்கு ராத்திரியே நாற்றங்கால் நனைந்தது.