இன்யூட் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி?

முதலில் கதை வேண்டாம், வரைபடத்தை விரியுங்கள். கனடாவின் வடக்கே நுனாவுட், அதற்குக் கிழக்கே கிரீன்லாந்து. அங்கே வடகோடி ஊர்களில் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே எட்டிப்பார்க்காது என்று சொன்னாலே பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அங்கே வாழும் பழங்குடி மக்களை ‘எஸ்கிமோ’ என்ற பழைய பெயரை விட்டுவிட்டு இன்யூட் என்றே சொல்லிப் பழக்குங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு அண்டங்காக்கையும் ஆந்தையும் கதை போதும். இரண்டும் ஒன்றுக்கொன்று வண்ணம் தீட்டிக்கொள்கின்றன; ஆந்தைக்கு அழகாகப் புள்ளிகள் கிடைக்கின்றன, ஆனால் தன் முறை வந்ததும் காக்கை சும்மா நிற்காமல் துள்ளிக்கொண்டே இருக்க, கடுப்பான ஆந்தை விளக்குக் கரியை அதன் தலையில் கொட்டிவிடுகிறது. குரலை மாற்றிச் சொல்லுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் அங்கே சீல் என்ற கடல் விலங்கின் கொழுப்பில் எரியும் கல்விளக்கு வெளிச்சத்தில்தான் கதை கேட்டார்கள்.

கடலடியில் வாழும் தெய்வமான செட்னாவின் கதைக்குப் பத்து வயதாவது ஆகட்டும். தந்தை அவள் விரல்களை வெட்ட, அவையே சீல்களாகவும் வால்ரஸ்களாகவும் மாறுகின்றன. பயமாக இருக்கிறதே என்று இதை மழுப்பாதீர்கள், அப்புறம் கதையே இல்லை! விரல் இல்லாததால் அவளால் தலைவார முடியாது. மனிதர்கள் விதிகளை மீறினால் கடல் விலங்குகள் அவள் கூந்தலில் சிக்கிக்கொள்ளும், வேட்டை கிடைக்காது, மந்திரவாதி கடலடிக்குப் போய்ச் சிக்கெடுத்துச் சீவிவிட வேண்டும். பிள்ளைகள் கேள்வி கேட்பது இங்கேதான்.

நார்வால் என்ற திமிங்கிலத்தின் கதையில் ஒரு பெண்ணின் முறுக்கிய கூந்தல் கொம்பாகிறது. முடித்ததும் படத்தைக் காட்டி, அது உண்மையில் பல் என்று சொல்லுங்கள்.