மூக்கைப் பார்த்துப் பூனை வாங்கினால்

செம்பூரில் எங்களுக்கு ஒன் பிஎச்கே, நாலாவது மாடி. சில வருடங்களுக்கு முன்பு ஒரு டிசம்பரில், மகள் கேட்டாள் என்று, வெள்ளை வெளேரென்று ஒரு பெர்சியன் பூனைக்குட்டியை வாங்கி வந்தோம். டிசம்பரில் மும்பை யாருக்குமே நன்றாகத்தான் இருக்கும். நாங்கள் யோசித்திருக்க வேண்டியது ஜூலையை.

ஜூலையில் இங்கே துவைத்த துணியே மூன்று நாள் காயாது. பெர்சியனுக்கு மேலே நீள முடி, அடியில் பஞ்சு போல இன்னொரு அடுக்கு. ஈரக்காற்றில் அந்த அடிமுடி திரிந்து சிக்காகிவிடும். தினமும் பத்து நிமிடம் சீவ வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டு பேரும் காலை லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிற வீட்டில் பத்து நிமிடத்துக்கு எங்கே போவது? சீவுவது வாரத்துக்கு ஒரு தரம் என்றானது. ஒரு நாள் முன்னங்கால் இடுக்கில் சீப்பு போய் நின்றது, அசையவில்லை. விரலை விட்டுப் பார்த்தால் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒரு முடிச்சு. அடியில் தோல் இழுபட்டுச் சிவந்திருந்தது. வயிற்றுப் பக்கம் இன்னும் ஏழெட்டு. டாக்டர் மெஷினை எடுத்து, கழுத்துக்குக் கீழே மொத்தமும் வழித்துவிட்டார். அதற்குள் மகளின் கையில் வட்டமாக ஒரு சிவப்பு. படர்தாமரை. பூனையின் காதுக்குப் பின்னாலும் அதே. நீள முடிப் பூனைகளிடம், முக்கியமாகப் பெர்சியனிடம், இந்தப் பூஞ்சை அடிக்கடி வரும். பூனையிடமிருந்து மனிதருக்கும் தாராளமாகத் தொற்றும். பூனைக்கு மருந்து, பிள்ளைக்கு களிம்பு, தலையணை உறை முதல் சோபா துணி வரை வெந்நீரில் துவையல் என்று இரண்டு மாதம் போனது.

பூனைமேல் தப்பில்லை. நேரமும் ஜன்னலும் ஈரமும் நம் வீட்டில் எப்படி என்று பார்க்காமல் முகத்தைப் பார்த்து வாங்கினோம், அவ்வளவுதான். அதற்கப்புறம் பூனை வாங்கப் போகும் அக்கம்பக்கத்தார் எல்லாரும் என்னிடம் வந்து நிற்கிறார்கள். பெரும்பாலும் அதே தவறுகள்தான்.

முகத்தில் இருந்தே தொடங்குகிறேன். இங்கே விற்கிறவர்கள் பெர்சியனை டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் என்று பிரிப்பார்கள். மூக்கு உள்ளே போகப் போக விலை மேலே போகும். பணத்தைக் கூடக் கொடுத்து நாம் வாங்குவது என்னவென்றால், குறுகிய மூக்குத்துவாரம், ஓயாமல் வழிகிற கண், நெருக்கிக்கொண்டு முளைக்கிற பல். மே மாதப் புழுக்கத்தில் மனிதருக்கே மூச்சு முட்டும்போது பஞ்ச் முகப் பூனைக்கு ஏசி ஆடம்பரமில்லை. பெர்சியன்தான் வேண்டும் என்றால் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிற டால் ஃபேஸ் பாருங்கள். தாய் தகப்பனுக்குச் சிறுநீரக நீர்க்கட்டிக்கான மரபணுச் சோதனை செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வர வாய்ப்புள்ள நோய் அது. கேள்வியைக் கேட்டதும் விற்கிறவர் பேச்சை மாற்றினால், நீங்களும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்காட்டிஷ் ஃபோல்டின் மடிந்த காதும் இதே கதைதான். 1961-ல் ஸ்காட்லாந்தின் ஒரு பண்ணையில் கண்ணில் பட்ட பூனையின் வம்சம். காதை மடிய வைக்கிற அதே மரபணு உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. ரீல்ஸில் அது புத்தர் மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். மூட்டு வலியாலும் அது அப்படி உட்காரலாம். நெதர்லாந்தில் இதை இனப்பெருக்கம் செய்யவே தடை. காசு கொடுத்து இதை வாங்காதீர்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. 'பாம்பே' என்று ஓர் இனம் இருக்கிறது, கன்னங்கரேலென்று பளபளக்கும். நம்ம ஊர்ப் பூனையாச்சே என்று ஒருவர் ஆசையாகத் தேடிக்கொண்டிருந்தார். அது 1950-களில் அமெரிக்காவில், கென்டக்கியில் உருவாக்கியது. இந்தியக் கருஞ்சிறுத்தையின் சாயல் என்பதால் இந்தப் பெயர். ஹிமாலயனுக்கும் இமயமலைக்கும் சம்பந்தமில்லை. பெர்சியனும் சயாமீஸும் சேர்ந்த கலப்பு, பெர்சியனின் முடித் தொல்லை அப்படியே வரும். பெங்கால் என்பது காட்டுச் சிறுத்தைப் பூனையோடு கலந்து உண்டாக்கிய இனம். நாள் பூராவும் ஏறும், குதிக்கும், குழாயைத் திறந்து பார்க்கும். காலை எட்டுக்குப் பூட்டி இரவு எட்டுக்குத் திறக்கிற வீட்டில் அதை வைத்தால் திரைச்சீலை மிஞ்சாது. சயாமீஸ் அன்பான பூனைதான், ஆனால் வாய் ஓயாது. பக்கத்து வீட்டு குக்கர் விசில் நம் ஹாலில் கேட்கிற கட்டிடத்தில் இருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மெயின் கூன் குளிர்நாட்டு உடம்பு. ஆண் பூனை எட்டு கிலோ வரைக்கும் சாதாரணமாக வளரும். அதற்குத் தோதான லிட்டர் பாக்ஸை, அதாவது பூனை வெளிக்குப் போகிற மணல் பெட்டியை, வைத்தால் எங்கள் பாத்ரூமில் நாங்கள் நிற்க முடியாது.

"எங்க வீட்டில் ஒருத்தருக்கு வீசிங், அதனால் முடி இல்லாத ஸ்ஃபிங்க்ஸ் வாங்கலாமா?" அடிக்கடி வருகிற கேள்வி. ஒவ்வாமை வருவது முடியால் அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் இருக்கிற ஒரு புரதத்தால். முடியில்லாத பூனைக்கும் எச்சில் உண்டு. வாங்கும் முன் பூனை இருக்கிற ஒரு வீட்டில் அந்த நபரை இரண்டு மூன்று தடவை, தடவைக்கு ஒரு மணி நேரமாவது உட்கார வையுங்கள். மூக்கே பதில் சொல்லிவிடும்.

அப்புறம் நம்மவர் வீடுகளுக்கென்றே ஒரு தவறு. மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். "எங்காத்துப் பூனை சுத்த சைவமாக்கும், தயிர்சாதம்தான்" என்றார், பெருமையாக. அது தட்டைச் சுத்தமாக நக்கி வைத்தது என்னவோ உண்மை. ஆனால் பூனையின் உடம்பால் டாரின் என்ற சத்தைத் தேவைக்குத் தயாரித்துக்கொள்ள முடியாது. அது கறியிலும் மீனிலும்தான் இருக்கிறது. குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்துவிடும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பே 1987-ல்தான் தெரிய வந்தது, மாமியைக் குறை சொல்லி என்ன பயன். எந்த இனமாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. வீட்டில் மீன் வாசனையே ஆகாது என்றால் டாரின் சேர்த்த பாக்கெட் உணவு தரலாம். அதுகூட முடியாது என்றால், நான் மாமியிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்வேன்: கிளி, முயல் எதுவும் வேண்டாம், துளசிச் செடி போதும். மாமி சிரித்துவிட்டு அன்று சாயங்காலமே மகனை பாக்கெட் வாங்க அனுப்பினார்.

ஜன்னலை யாரும் நினைப்பதில்லை. பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்று நம்பிக்கை. 1987-ல் நியூயார்க்கின் அனிமல் மெடிக்கல் சென்டர், மாடிகளிலிருந்து விழுந்து ஐந்தே மாதத்தில் தன்னிடம் வந்த 132 பூனைகளைப் பற்றி எழுதியது. முக்கால்வாசிக்கு மேல் பிழைத்தன. ஆனால் தாடை உடைந்து, நுரையீரல் அடிபட்டு. நம் ஜன்னல் கிரில்லில் குட்டி தாராளமாக நுழையும். நைலான் புறா வலையைப் பல்லால் கடித்து ஓட்டை போடுகிற பூனைகளை எனக்குத் தெரியும். பெங்கால் மாதிரித் துள்ளுகிற இனம் என்றால் கம்பி வலை அடித்துவிட்டு அப்புறம் பூனையைக் கொண்டு வாருங்கள்.

வயது விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. '45 நாள் குட்டி' என்று விற்பார்கள். எட்டு வாரமாவது தாயிடம் இருக்க வேண்டும், பன்னிரண்டு என்றால் இன்னும் நல்லது. சீக்கிரம் பிரித்த குட்டி கடிப்பதை நிறுத்தக் கற்றிருக்காது.

எங்கள் பட்டியலிலேயே வராத பூனை ஒன்று இருந்தது. பில்டிங் வாட்ச்மேன் நாற்காலிக்கடியில் தூங்குகிறதே, அந்த வரிப்பூனை. குட்டை முடி, நீண்ட மூக்கு, பல தலைமுறை மும்பை மழையைப் பார்த்த உடம்பு. தடுப்பூசியும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் எந்தப் பூனைக்கும் போல இதற்கும் உண்டு. பரேலில் 1883-லிருந்து விலங்குகளுக்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி நடக்கிற ஊர் இது. தத்துக்குக் கிடைக்கிற வளர்ந்த பூனையாகப் பார்த்தால் இன்னொரு லாபம், குணம் ஏற்கெனவே தெரியும். குட்டியிடம் அது லாட்டரி.

அப்படிப் பார்க்கப் போகும்போது இருட்டிய பிறகு போங்கள். மத்தியானம் எல்லாப் பூனையும் தூங்குமூஞ்சிதான். தரையில் உட்காருங்கள், கூப்பிடாதீர்கள், கையை நீட்டாதீர்கள். எங்கள் இரண்டாவது பூனையை எடுக்கப் போனபோது அது பீரோ மேலிருந்து முக்கால் மணி நேரம் இறங்கவே இல்லை. கிளம்பலாம் என்று பார்த்தால் என் ஆபீஸ் பை மேல் படுத்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அதே பைதான். காலையில் லோக்கலுக்கு நேரமாகும்போது அதைத் தூக்கிப் பெர்சியன் பக்கத்தில் போட்டுவிட்டு ஓடுகிறேன்.