நரம்புச் செல்லுக்குக் கார்பன் மின்முனை தயாரிக்கும் முறை

நரம்புச் செல்களின் துடிப்பைப் பதிவுசெய்யும் மின்முனை சிறியதாக இருந்தால்தான் தனிச் செல் ஒன்றின் குரல் பிரிந்து கேட்கும். ஆனால் பரப்பு குறையக் குறைய இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு மின்முனை காட்டும் தடை) ஏறி, இரைச்சல் குறிகையை விழுங்கிவிடும். 30 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தங்க வட்டின்மேல் கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்களை, அதாவது கார்பன் நானோகுழாய்களைப் படியவைத்தால், வட்டின் அளவு பெரிதாகாமலேயே உப்புக்கரைசல் தொடும் பரப்பு பலமடங்கு கூடும்.

கடையில் வாங்கும் நானோகுழாய்த் தூளில் இரும்பு, நிக்கல் போன்ற வினையூக்கி எச்சங்கள் தங்கியிருக்கும்; அவை செல்களுக்கு நஞ்சு. ஆகவே புகைவெளியேற்றிக்குள் வைத்துத் தூளை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சி, கழுவிய நீர் நடுநிலைக்கு வரும்வரை விடாமல் கழுவுங்கள். இதனால் குழாய்களின்மேல் எதிர்மின்னூட்டம் தரும் கார்பாக்சில் தொகுதிகள் ஏறி, அவை நீரில் எளிதில் பிரிந்து நிற்கும். மீயொலியில் அளவோடு கலக்குங்கள்; நேரம் மிஞ்சினால் குழாய்கள் ஒடிந்துவிடும்.

கலவையை அப்படியே, பல மின்முனைகள் பதிந்த தட்டின்மேல் சொட்டவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அது பரவிக் காய்ந்து பக்கத்து மின்முனைகளையும் இணைத்துவிடும். அதில் பைரோல் என்ற கரிமச் சேர்மத்தைச் சேர்த்து, வேண்டிய மின்முனைக்கு மட்டும் நேர்மின்னழுத்தம் கொடுத்தால், எதிர்மின்னூட்டமுள்ள குழாய்கள் பைரோல் இணைந்து உருவாகும் மின்கடத்தும் பாலிமரான பாலிபைரோலோடு சேர்ந்து அங்கேயே படியும். நுண்ணோக்கியில் தங்க வட்டு கறுத்து, வெல்வெட் துணிபோலத் தெரியும். விளிம்பில் சாம்பல் நிற வளையம் தூக்கி நின்றால் படலம் சரியாக ஒட்டவில்லை.

உப்புக்கரைசலில் 1 கிலோஹெர்ட்சில் இம்பீடன்சை அளந்து, ஒருநாள் ஊறவைத்து மறுபடியும் அளவிடுங்கள். மதிப்பு ஏறினால் படலம் உரிகிறது என்று பொருள். அளவுக்கு மீறி இறங்கினாலும் மகிழ்ந்துவிட வேண்டாம். பினாங்கில் ஒரு நவம்பர் மழை வாரயிறுதியில் ஆய்வகக் குளிர்சாதனம் நின்றுபோக, திங்கட்கிழமை சில மின்முனைகள் நம்பமுடியாத அளவுக்குத் தாழ்ந்த மதிப்பைக் காட்டின. படலத்தின் சிறப்பென்று நினைத்துப் பாதிநாள் களித்திருந்தேன். தட்டின் ஓரத்தில் அளவீட்டுக் கருவியோடு இணையும் தொடுபட்டைகளில் பனித்த ஈரமே காரணம். அப்போதிலிருந்து அவற்றை எத்தனால் தோய்ந்த துணியால் துடைத்து உலர்த்தாமல் அளப்பதில்லை.

அடுத்து 70 விழுக்காடு எத்தனாலில் கிருமிநீக்கம் செய்து, செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் பாலி-டி-லைசினை ஓரிரவு பூசிவைத்து, நன்றாகக் கழுவியபின் லேமினின் என்ற ஒட்டுப் புரதத்தை இடுங்கள். நன்னெறிக் குழுவின் அனுமதியோடு பெற்ற, 18 நாள் எலிக் கருவின் மூளையிலுள்ள ஹிப்போகேம்பஸ் பகுதியின் செல்களை விதைத்து, 37 டிகிரி வெப்பத்திலும் 5 விழுக்காடு கரியமில வாயுவிலும் வளர்த்தால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானாக எழும் துடிப்புகள் தென்படத் தொடங்கும். ஒரே தட்டில் சில மின்முனைகளை வெறுந்தங்கமாகவே விட்டுவையுங்கள். 2005-இல் இத்தாலியின் ட்ரியெஸ்ட் ஆய்வாளர்கள் நானோகுழாய்ப் படலத்தின்மேல் வளர்ந்த செல்களில் சினாப்ஸ் (நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று இணையும் இடம்) செயல்பாடே கூடியதைக் காட்டியிருப்பதால், நீங்கள் பெறும் வலுவான குறிகை மின்முனையின் தரத்தால் வந்ததா, செல்லே மாறியதால் வந்ததா என்பதைப் பிரித்தறிய அந்த ஒப்பீடு தேவைப்படும்.